காந்தச் சுழலுக்கு முளையடித்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஞாயிற்றுக்கிழமை, கையில் காபியும் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குகிறார். போனில் பேசும்போது கேட்டார்: “சார், திரவ நைட்ரஜன் குளிரிலேயே வேலை செய்யும் மீக்கடத்தியை 1987-லேயே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு படிச்சேன். பிறகு ஏன் சார் எங்க மெஷினுக்கு இன்னும் ஹீலியம்?” ஹீலியம் என்றால் சும்மா இல்லை. பழைய மாதிரி இயந்திரம் ஒன்றில் ஆயிரம் லிட்டருக்கு மேல் நிற்கும். விலையும் ஏறிக்கொண்டே போகிறது. நைட்ரஜனோ காற்றிலிருந்தே பிரித்தெடுப்பது, மலிவு.

ஒரே வரியில் பதில் சொல்லலாம்: மீக்கடத்திக்குள் புகுந்த காந்தச் சுழல்கள் நகர்கின்றன, அவற்றை நிற்கவைக்க முடியவில்லை. ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு விஞ்ஞானியும் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் உண்மையில் இந்தப் பதிவு. நான் இடைநிலை ஆசிரியராக இருந்தவன், இயற்பியல் பட்டதாரி அல்ல. அதனால் எனக்குப் புரிகிற மொழியிலேயே சொல்கிறேன்.

1908 ஜூலையில் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-இல் அதே குளிரில், அதாவது சுமார் 4.2 கெல்வினில், பாதரசத்தின் மின்தடை திடீரென்று காணாமல் போனது. இதுவரை நமக்குப் பாடப்புத்தகமே சொல்லும். பாடப்புத்தகம் சொல்லாத அடுத்த காட்சியில்தான் எனக்கு ஆர்வம். மின்தடை இல்லாத கம்பி கிடைத்தால் என்ன செய்வோம்? சுருளாகச் சுற்றி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மின்சாரம் விட்டு, பிரம்மாண்டமான காந்தம் செய்வோம். ஓன்னஸும் அதைத்தான் நினைத்தார். 10 டெஸ்லா காந்தம் செய்யலாம் என்று 1913-இல் பேசினார். அடுத்த ஆண்டே கனவு உடைந்தது. ஈயக் கம்பி சுமார் 0.06 டெஸ்லா காந்தப்புலத்திலேயே தன் மீக்கடத்தும் தன்மையை இழந்தது. அதாவது அந்தக் கம்பியில் காந்தம் செய்தால், அதன் காந்தமே அதைக் கொன்றுவிடும்.

1933-இல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் காரணத்தின் ஒரு பாதியைக் கண்டார்கள். மீக்கடத்தி தன் உடலுக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ள முடிகிறவரை அது மீக்கடத்தி. தள்ள முடியாத அளவு புலம் வந்தால் சாதாரண உலோகம். இடைநிலையே கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஓர் உறுத்தல் இருந்தது. சுத்த உலோகங்கள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டன, உலோகக் கலவைகள் கட்டுப்படவில்லை. ஈயமும் பிஸ்மத்தும் கலந்த கலவை சுமார் 2 டெஸ்லா வரை தாக்குப்பிடித்தது லைடனிலேயே தெரிந்திருந்தது. “கலவைதானே, அழுக்கு. உள்ளே கடற்பஞ்சு மாதிரி மெல்லிய இழைகள் இருக்கும், அவை தாங்குகின்றன” என்று ஒரு விளக்கம் வந்தது. சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மெண்டல்சன். நல்ல விஞ்ஞானி, அன்றைக்கு அது நியாயமான விளக்கமும்கூட. ஆனால் அந்தப் பஞ்சு கால் நூற்றாண்டுக்கு எல்லோர் கண்ணையும் மறைத்தது.

மறைக்காத ஒரே இடம் சோவியத் உக்ரைனின் கார்கோவ் நகரம். இன்றைக்கு கார்கிவ் என்கிறோம்.

லெவ் ஷுப்னிகோவ் 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். படிகம் வளர்ப்பதில் கைதேர்ந்தவர். அந்தக் கைத்திறனுக்காகவே லைடனுக்கு அழைக்கப்பட்டு, 1930-இல் டி ஹாஸ் என்பவருடன் சேர்ந்து கண்டுபிடித்த விளைவு இன்றும் இருவர் பெயரோடும் பாடநூல்களில் இருக்கிறது. அதே ஆண்டு நாடு திரும்பி, கார்கோவில் சோவியத் நாட்டின் முதல் தாழ்வெப்பநிலை ஆய்வகத்தைக் கட்டியெழுப்பினார். மனைவி ஓல்கா திரபெஸ்னிகோவாவும் இயற்பியலாளர், அதே ஆய்வகத்தில் வேலை செய்தார். அதே நிறுவனத்தில் கோட்பாட்டுப் பிரிவின் தலைவர் யார் தெரியுமா? லாண்டவ். பின்னாளில் நோபல் வாங்கிய அதே லெவ் லாண்டவ்.

ஷுப்னிகோவ் செய்த வேலையின் அழகு இதுதான். “கலவையில் அழுக்கு இருக்கிறது, அதனால்தான் இப்படி” என்று மற்றவர்கள் சொன்னார்களே, அவர் அந்த அழுக்கையே எடுத்துவிட்டார். ஈயத்தோடு தாலியத்தைக் கலந்து, ஒரே படிகமாக வளர்த்து, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே நீண்ட நேரம் வைத்திருந்து, உள்ளே எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும்படி பக்குவப்படுத்தினார். இனிப் பஞ்சும் இல்லை, இழையும் இல்லை. பிறகு அளந்தார். தாலியத்தின் அளவு ஒரு எல்லையைத் தாண்டியதும் ஒன்றுக்குப் பதில் இரண்டு வரம்புகள் தெரிந்தன. முதல் வரம்பு வரை காந்தப்புலம் முழுதாக வெளியே. அதைத் தாண்டியதும் புலம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைகிறது, ஆனாலும் பொருள் மீக்கடத்தியாகவே இருக்கிறது! இரண்டாவது வரம்பு மிக உயரத்தில். அதைத் தொட்டால்தான் எல்லாம் முடிகிறது. கோட்கேவிச், ஷெபெலெவ், ரியாபினின் ஆகியோரோடு சேர்ந்து 1936, 1937-இல் இதை வெளியிட்டார்.

1937 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். ஸ்டாலின் காலம். கார்கோவ் நிறுவனத்தில் ‘சதிகாரர்களை’த் தேடிக்கொண்டிருந்தார்கள். மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி. ‘வாக்குமூலம்’ வாங்கினார்கள். அந்தக் காலத்து வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. அதில் லாண்டவின் பெயரும் எழுதப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 10 அன்று ஷுப்னிகோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 36. அவரோடு பணிபுரிந்த ரோசென்கேவிச், கோர்ஸ்கி இருவருக்கும் அதே முடிவு. லாண்டவ் அதற்குள் மாஸ்கோவுக்குப் போயிருந்தார். 1938 ஏப்ரலில் அவரும் கைதாகி, கபீட்சா எழுதிய கடிதங்களாலும் கொடுத்த பொறுப்புறுதியாலும் ஓராண்டு கழித்து உயிரோடு வெளியே வந்தார்.

ஓல்காவுக்கு உண்மை சொல்லப்படவில்லை. கணவர் 1945-இல் இறந்ததாகப் பொய்யான ஆண்டு போட்டுத்தான் பின்னால் தெரிவித்தார்கள். எட்டு ஆண்டுகள் எங்கோ உயிரோடு இருந்தார் என்று ஒரு குடும்பத்தை நம்பவைத்தார்கள். குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது 1957-இல். இந்த ஆண்டை நினைவில் வையுங்கள்.

இனி மாஸ்கோ. 1950-இல் கின்ஸ்பர்க்கும் லாண்டவும் மீக்கடத்திகளுக்கு ஒரு கோட்பாடு எழுதினார்கள். அதில் காப்பா என்று ஒரு எண் வரும். அது ஏறத்தாழ 0.7-க்குக் கீழே இருந்தால் ஒருவிதம், மேலே இருந்தால் வேறுவிதம். அன்று தெரிந்த சுத்த உலோகங்களுக்கு எண் மிகச் சிறியது. ஆகவே மேலே இருக்கும் விதத்தை அவர்கள் ஆராயவில்லை. கார்கோவில் லாண்டவின் அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஷுப்னிகோவ் அளந்த கலவைகள் எல்லாம் அந்த ‘மேலே’ வகைதான். லாண்டவுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கொல்லப்பட்ட நண்பரின் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் படிக்க மனம் வந்திருக்காதோ என்னவோ. இது என் ஊகம் மட்டுமே.

லாண்டவின் மாணவர் அலெக்ஸேய் அப்ரிகோசோவுக்கு அப்போது இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவர் நண்பர் சவாரிட்ஸ்கி மெல்லிய உலோகப் படலங்களை அளந்துகொண்டிருந்தார். மிகக் குளிரில் படியவைத்த படலங்கள் மட்டும் கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை. காப்பாவை 0.7-க்கு மேலே வைத்துக் கணக்குப் போட்டால் என்ன என்று அப்ரிகோசோவ் போட்டுப் பார்த்தார், பொருந்தியது. “இரண்டாம் வகை” மீக்கடத்தி பிறந்தது. பிறகு, இந்த வகைக்குள் காந்தப்புலம் எப்படி நுழைகிறது என்று கணக்கிட்டார். விடை: சுழல்களாக.

ஆற்றுச் சுழலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குழி, சுற்றி நீர் சுழலும். இங்கே நடுவில் ஓர் ஊசி போன்ற மெல்லிய பகுதி மட்டும் மீக்கடத்தும் தன்மையை இழந்திருக்கும். அதைச் சுற்றி மின்னோட்டம் ஓயாமல் சுழலும். அந்த ஊசி வழியாகக் காந்தப்புலம் உள்ளே போய் வெளியே வரும். ஒவ்வொரு சுழலும் தூக்கிச் செல்லும் காந்தப் பாயம் ஒரே அளவு. அரை, கால் என்றெல்லாம் கிடையாது. அளவு மிகச் சிறியது. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். அது அப்படியே நுழைந்தால்கூட ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 19 ஆயிரம் சுழல்கள் நிற்கும். ஒரு டெஸ்லா என்றால் 48 கோடி. அடுத்தடுத்த சுழல்களுக்கு இடைவெளி அப்போது சுமார் 49 நானோமீட்டர்.

இவை கண்டபடி நிற்காது. ஒன்றையொன்று தள்ளும் என்பதால் ஒழுங்காக அணிவகுக்கும். அப்ரிகோசோவ் கணக்கில் சதுர அடுக்கு வந்தது, அதாவது நேர்ப்புள்ளிக் கோலம். 1964-இல் கிளைனர், ராத், ஆட்லர் என்ற மூவர் திருத்தினார்கள்: ஆற்றல் இன்னும் குறைவாக இருப்பது இடுக்குப்புள்ளிக் கோலத்தில்தான். 15 புள்ளி வைத்து இடுக்கில் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்துவார்களே, அதே அடுக்கு. 1967-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் எஸ்மான், டிராய்பிள் இருவரும் மீக்கடத்தியின் மேல் மிக நுண்ணிய காந்தத் துகளைத் தூவி மின்னணு நுண்ணோக்கியில் படமே எடுத்துவிட்டார்கள். துகள்கள் சுழல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தன. வாசலில் வைத்த புள்ளி தோற்றது போங்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே பிரான்சில் நியூட்ரான்களைச் செலுத்தி இந்த அடுக்கின் தடயத்தைக் கண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் மாதவ் ராவ் என்ற நம் நாட்டுப் பெயரும் உண்டு.

கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன். அப்ரிகோசோவ் 1953-இல் விடையை லாண்டவிடம் காட்டியபோது லாண்டவ் சுழல்களை நம்பவில்லை. தாள்கள் மேசை இழுப்பறைக்குள் போயின. 1955-இல் அமெரிக்காவில் ஃபெய்ன்மன், சுழலும் திரவ ஹீலியத்தில் இதே மாதிரி சுழல்கள் இருக்கும் என்று எழுதினார். அதைப் படித்து லாண்டவ் ஏற்றுக்கொண்ட பிறகுதான் இழுப்பறை திறந்தது. இது அப்ரிகோசோவே பிற்காலத்தில் சொன்னது. கட்டுரை அச்சேறியது 1957-இல்.

அந்தக் கட்டுரையில் தன் கோட்பாட்டைச் சரிபார்க்க அவர் எந்த அளவீட்டை எடுத்துக்கொண்டார் தெரியுமா? கார்கோவின் ஈய-தாலியப் படிகங்களை. நன்றாகப் பொருந்தின. இருபது ஆண்டுக்கு முன்பு செய்த சோதனை அது. செய்தவர் மீதிருந்த பழியை அரசு நீக்கியதும் அதே 1957-இல்தான். இரண்டு வரம்புகளுக்கும் இடையே உள்ள நிலையை இன்று ‘ஷுப்னிகோவ் கட்டம்’ என்றும் அழைக்கிறார்கள். 2003-இல் அப்ரிகோசோவுக்கு நோபல் கிடைத்தது, கின்ஸ்பர்க், லெகெட் ஆகியோருடன். தன் நோபல் உரையில் அவர் ஷுப்னிகோவின் அளவீடுகளைக் குறிப்பிட்டார். இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அந்தக் குடும்பத்துக்கு 1937-ஐத் திருப்பித் தர முடியுமா?

1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லர் குழு நயோபியம்-வெள்ளீயச் சேர்மத்தை 8.8 டெஸ்லாவில் வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தியது. அது அசையவில்லை. ஓன்னஸின் கனவு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துக் கைக்கு வந்தது. இங்கேதான் ‘குறை’ கதைக்குள் வருகிறது.

பத்தாம் வகுப்பு மின்மோட்டார் பாடம் நினைவிருக்கிறதா? காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் விட்டால் கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும். இங்கேயும் மின்னோட்டம் சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல் நகர்ந்தால் காந்தப் பாயம் நகர்கிறது. ஃபாரடே விதிப்படி மின்னழுத்தம் பிறக்கும். மின்னழுத்தம் வந்துவிட்டால் அது மின்தடைதான், வெப்பம்தான். ஆக, இரண்டாம் வகை மீக்கடத்தி எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு பயனற்றது! ஷுப்னிகோவின் அருமையான படிகத்தில் காந்தம் செய்ய முடியாது. மாட்டை மேயவிட்டு முளையடித்துக் கட்டுகிறோம் அல்லவா, அதுபோல சுழல்களைக் கட்டிவைக்க முளைகள் வேண்டும். படிகத்தில் ஓர் ஓட்டை, வேறு பொருளின் துணுக்கு, அணுக்கள் இடம் மாறிய கோடு, ஏதாவது ஒரு பழுது. சுழலின் நடுப்பகுதி ஏற்கெனவே மீக்கடத்தும் தன்மையை இழந்திருக்கிறது. அந்த இழப்புக்கு ஆற்றல் செலவாகும். ஏற்கெனவே பழுதான இடத்தில் போய் உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். அதனால் சுழல் அங்கே உட்கார்ந்துகொள்ளும், எழுந்து வராது. என் மாணவர் இயக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் நயோபியம்-டைட்டானியக் கம்பியை இழுத்து, சூடாக்கி, மறுபடி இழுத்து உள்ளே டைட்டானியத் துணுக்குகளை வரவழைப்பது இதற்காகத்தான். கம்பித் தொழிற்சாலைக்காரர் அளந்து பழுது வைக்கிறார்.

முளையும் நிரந்தரம் அல்ல. 1962-இல் பெல் ஆய்வகத்தின் பிலிப் ஆண்டர்சன் சொன்னார்: வெப்ப நடுக்கத்தால் சுழல்கள் அவ்வப்போது முளையிலிருந்து கழன்று அடுத்த முளைக்குத் தாவும். கிம் என்பவரின் குழு செய்த சோதனையில் அது அப்படியே தெரிந்தது. சுழன்றுகொண்டிருந்த மின்னோட்டம் மிக மெதுவாகக் குறைந்தது. பத்தாவது நொடியிலிருந்து நூறாவது நொடிக்குள் எவ்வளவு குறையுமோ, அவ்வளவுதான் நூறிலிருந்து ஆயிரத்துக்குள்ளும். 4 கெல்வின் குளிரில் இதைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இந்த வாக்கியம்தான் பின்னால் வினையாயிற்று.

1986-இல் சுவிட்சர்லாந்தின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு சேர்ந்த பீங்கான் ஒன்றில் 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தலைக் கண்டார்கள். 1987 தொடக்கத்தில் சூ, வூ குழுவினர் இட்ரியம் சேர்ந்த சேர்மத்தில் 93 கெல்வினை எட்டினார்கள். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். மார்ச் 18 அன்று நியூயார்க் ஹில்டன் ஓட்டலில் நடந்த கூட்டம் விடியவிடிய நீடித்தது. விஞ்ஞானிகள் சினிமா டிக்கெட்டுக்கு நிற்பதுபோல் முண்டியடித்தார்கள். அதே ஆண்டே நோபல். காரணத்தை விளக்கப் புறப்பட்டவர்களில் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதியவர் நம் ஜி. பாஸ்கரன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்டகாலம் இருந்தவர். அந்த விவாதம் தனிக் கதை, இன்னும் முடியவில்லை.

காகிதத்தில் எல்லாம் சரி. கம்பியாக்கினால்? அதே 1987-இல் முல்லர், தகாஷிகே, பெட்நோர்ஸ் ஒரு கெட்ட செய்தியைக் கண்டார்கள். மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு வெகு கீழே இன்னொரு எல்லைக்கோடு இருந்தது. அதற்கு மேலே சுழல்கள் தாராளமாக உலவின. மின்தடை இல்லாத மின்னோட்டம் அங்கே இல்லை. பிறகு எஷுருன், மலோசமோஃப் இருவரும் பழைய ஆண்டர்சன் கணக்கையே எடுத்து, இது ‘ராட்சத’ ஊர்தல் என்றார்கள். 77 கெல்வினில் வெப்ப நடுக்கம் 4.2 கெல்வினில் இருப்பதைவிட 18 மடங்கு. நடுப்பகுதியும் மிகச் சிறியது, ஓரிரு நானோமீட்டர்தான். முளை பிடிக்கக் கிடைக்கும் இடம் அவ்வளவே.

இவற்றையும்விடப் பெரிய சிக்கல் அடுக்கு அமைப்பு. இந்தச் சேர்மங்கள் ஒரே கட்டி அல்ல. செம்பு-ஆக்சிஜன் தளங்களில் மட்டுமே மீக்கடத்தல் வலுவாக இருக்கும். இடையில் உள்ள அடுக்குகள் பெரும்பாலும் காவல் நிற்பவை. பிஸ்மத் சேர்மத்தில் இத்தளங்கள் 1.5 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும், ஒன்றுக்கொன்று ஒட்டுறவு மிகக் குறைவு. அதனால் சுழல் ஒரு கோலாக நிற்பதில்லை. தளத்துக்கு ஒன்றாக வட்டு வட்டாகத் துண்டுபட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகத் தோசை அடுக்கியதுபோல் நிற்கிறது. ஆங்கிலத்திலும் ‘பான்கேக் சுழல்’ என்றே பெயர். அமெரிக்காவின் ஜான் கிளெம் 1991-இல் விரிவாக எழுதினார். கோலைக் கட்ட ஓர் இடத்தில் முளை போதும். தோசை அடுக்கில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை நழுவிவிடும். பிஸ்மத் சேர்மம் 77 கெல்வினில் பத்தில் ஒரு டெஸ்லாவைக்கூடத் தாங்காமல் தடுமாறுவது இதனால்தான். எம்.ஆர்.ஐ.க்கு 1.5 டெஸ்லா வேண்டும்.

1991-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தின் லியோனார்டோ சிவாலே குழு முரட்டுத்தனமான வழி ஒன்றைச் சோதித்தது. 580 மில்லியன் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுள்ள வெள்ளீய அயனிகளை இட்ரியம் சேர்மப் படிகத்தின் மேல் பாய்ச்சினார்கள். ஒவ்வோர் அயனியும் துளைத்துக்கொண்டு போன வழி, சில நானோமீட்டர் அகலத்தில், நெடுந்தூண் போன்ற ஒரு பழுதாக நின்றது. சுழலும் கம்பி வடிவம், முளையும் கம்பி வடிவம். முழு நீளத்துக்கும் பிடி கிடைத்தது. உயர்ந்த வெப்பநிலையிலும் உயர்ந்த புலத்திலும் மின்னோட்டம் தாங்கும் அளவு நன்றாகக் கூடியது. அடுத்த ஆண்டு புரூக்ஹேவனில் இதுபோன்ற வேலையைத் தாலியம் சேர்மப் படலங்களில் செய்தவர் ரமேஷ் புதானி, பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். ஆனால் கிலோமீட்டர் நீளக் கம்பியை முடுக்கிக்குள் விட்டு அயனி பாய்ச்ச யாரால் முடியும்? அறிவியலுக்கு அது பொன், தொழிலுக்கு அல்ல.

எல்லாப் பழுதும் நண்பன் என்று நினைத்துவிடக் கூடாது. 1988-இல் பிரவீன் சௌத்ரியும் அவர் சகாக்களும் காட்டியது அதற்கு நேர் எதிர். பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் பத்து பாகைக்கு மேல் கோணலாக இருந்தால் அந்தச் சந்திப்பில் மின்னோட்டம் கடுமையாக வீழ்ந்துவிடும். ஒரு நானோமீட்டர் ஓட்டை உதவும், கோணலான எல்லை கெடுக்கும். எது எங்கே எவ்வளவு என்பதில்தான் அத்தனை ஆண்டுகளும் போயின.

வழியில் கண்ட ஓர் அதிசயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. சுழல்களின் கோலம் உருகும்! வெப்பம் கூடும்போது புள்ளிகள் கலைந்து திரவம்போல் ஓடும். பனிக்கட்டி நீராவதுபோல் அது திட்டவட்டமான ஒரு புள்ளியில் நடக்கிறதா என்று பல ஆண்டு சண்டை. 1995-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எலி செல்டோவ் குழு பிஸ்மத் சேர்மப் படிகத்தின்மேல் மிகச் சிறிய காந்த உணரிகளை வைத்து, ஆம், திடீர்த் தாவல் இருக்கிறது என்று காட்டியது. அந்தத் தாவலில் உருகிய சுழல் கூட்டம் அடர்த்தி கூடியது. பனிக்கட்டி நீரில் மிதக்கிறதே, திடத்தைவிடத் திரவம் அடர்த்தி, அதே விந்தை. நீரை ஏரியிலும் குடத்திலும் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு படிகத்துக்குள் காந்தப்புலமும் அப்படி நடந்துகொள்கிறது என்றால் எப்படி இருக்கும்! படிகத்தில் பழுது அதிகமானால் இந்தத் தாவல் மழுங்கிவிடும். கண்ணாடி கட்டியாவதுபோல் ஒழுங்கில்லாமல் உறைந்துபோகும்.

2001-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா தோனோமுரா குழு பத்து லட்சம் வோல்ட் மின்னணு நுண்ணோக்கியால் அந்தத் தூண்களையும் அவற்றில் மாட்டிய சுழல்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தது. பிஸ்மத் சேர்மப் படலத்தில் தூண்களை வேண்டுமென்றே சாய்வாகத் துளைத்திருந்தார்கள். வெப்பநிலை சற்று உயர்வாக இருந்தபோது, காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்தாலும், சுழல்கள் தூணோடு சேர்ந்து சாய்ந்தே நின்றன. இன்னும் குளிர்வித்தபோது தூணை விட்டுவிட்டுச் செங்குத்தாக நிமிர்ந்தன. பொருளுக்குள் இயல்பாகவே சிதறிக் கிடந்த, யாரும் வைக்காத நுண்பழுதுகள் குளிரில் வலுப்பெற்றுப் பிடித்துக்கொண்டன என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

தொழிலுக்கு வழி 2004 வாக்கில் திறந்தது. அயனி பாய்ச்ச வேண்டாம், இட்ரியம் படலத்தைப் படியவைக்கும்போதே பேரியம் சிர்க்கோனேட் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்தால் அது தானாகவே நானோ துணுக்குகளாக ஒதுங்கி முளையாகிறது என்று ஜூடித் மக்மேனஸ்-டிரிஸ்கல் குழு காட்டியது. தூண்களாகவே அடுக்கிக்கொள்ளும்படியும் பிறகு செய்தார்கள். இன்று உலோக நாடாவின்மேல் ஓரிரு மைக்ரான் தடிமனில் பூசிய டேப்பாக அது விற்பனைக்குக் கிடைக்கிறது. கோணல் எல்லைகள் வராமல் படிகங்களை ஒரே திசையில் வளர்ப்பதால் விலை அதிகம்.

மாணவரின் கேள்விக்கு இப்போது முழு விடை சொல்லலாம். காந்தப்புலம் குறைவாக இருக்கும் இடத்தில் நைட்ரஜன் போதும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-இல் 1 கிலோமீட்டர் மீக்கடத்தி மின்கேபிள் அப்படித்தான் ஓடத் தொடங்கியது. வலுவான காந்தம் வேண்டும் என்றால் இந்தப் புதிய டேப்பையும் நைட்ரஜன் குளிருக்குக் கீழே கொண்டுபோகிறார்கள். குளிர் கூடக்கூட முளை இறுகும். 2017-இல் அமெரிக்காவின் டல்லஹாசியில் 32 டெஸ்லாவை எட்டிய காந்தத்தின் உட்சுருள்கள் இந்த உயர்வெப்பநிலை டேப்தான், ஆனால் அது உட்கார்ந்திருப்பது திரவ ஹீலியத்தில். 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி.யும் ஒரு நிறுவனமும் சேர்ந்து அணுக்கரு இணைவு உலைக்காகச் சோதித்த பெரிய காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது 20 கெல்வினில்.

ஷுப்னிகோவ் ஈயத்தில் தாலியத்தைக் கலந்து, பழுதே இல்லாமல் பக்குவப்படுத்திய படிகங்கள் எத்தனை டெஸ்லா தாங்கின என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை, அதில் ஒரு பின்னம்தான்.